கர்ப்பப்பையில் இல்லாத கட்டிக்குக் கர்ப்பப்பையை வெட்டுகிறார்கள்

"கர்ப்பப்பையில நீர்க்கட்டி." இந்த இரண்டு சொற்களைக் கேட்காமல் ஆனையூரில் ஒரு பெண் வளர முடியாது. ரேஷன் கடை வரிசையில், ஷேர் ஆட்டோவில், மகளிர் குழுக் கூட்டத்தில் தவணைப் பணம் எண்ணுகிற நேரத்தில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அடுத்த வாக்கியமும் தயாராக இருக்கும். "பையை எடுத்துட்டாங்க."

முதல் வாக்கியமே தப்பு. அந்த நீர்க்கட்டி கர்ப்பப்பையில் இல்லை. கர்ப்பப்பைக்கு இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு வடிவத்தில் தனியாக இரண்டு உறுப்புகள் இருக்கின்றன. பத்திரிகைகள் சினைப்பை என்கின்றன, பாடப்புத்தகம் அண்டகம் என்கிறது, டாக்டர்கள் ஓவரி என்கிறார்கள். நம் அம்மாக்களின் பேச்சில் அதற்குப் பெயரே இல்லை. இடுப்புக்குக் கீழே உள்ளது எல்லாமே 'கர்ப்பப்பை'தான். நீர்க்கட்டி வருவது பெயரில்லாத அந்த உறுப்பில். வெட்டி எடுக்கப்படுவது பெயருள்ள இந்த உறுப்பு.

இது வெறும் சொல் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். 'கர்ப்பப்பையில் கட்டி' என்று சொல்லிவிட்டால் 'கர்ப்பப்பையை எடுத்தால் கட்டி போய்விடும்' என்பது கணக்கு மாதிரி சரியாக இருக்கும். எட்டாவது படித்த பெண்ணும் தலையாட்டுவார், பட்டம் படித்த கணவனும் தலையாட்டுவான். அந்தத் தலையாட்டலில்தான் பல நர்சிங் ஹோம்களின் மாடிகள் எழும்பியிருக்கின்றன.

நீர்க்கட்டி என்பது என்ன? மாதவிடாய் நிற்காத ஒவ்வொரு பெண்ணின் சினைப்பையிலும் மாதாமாதம் ஒரு முட்டை, நீர் நிறைந்த சின்னப் பையில் வளர்கிறது. இரண்டு செ.மீ. அளவு வளர்ந்ததும் பை உடைந்து முட்டை வெளியே வரும். சில மாதம் பை உடையாமல் அப்படியே பெருத்துவிடும். உடைந்த பை மறுபடி மூடி உள்ளே நீரோ ரத்தமோ சேர்வதும் உண்டு. ஸ்கேனில் தெரிகிற நீர்க்கட்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகைதான். இரண்டு மூன்று மாதவிடாய்ச் சுழற்சிக்குள் தானாகச் சுருங்கிவிடும். மாதவிடாய் நிற்காத பெண்ணுக்கு 5 செ.மீ.க்குக் குறைவான சாதாரண நீர்க்கட்டி இருந்தால் பொதுவாகத் தொடர் ஸ்கேன்கூடத் தேவையில்லை, 5 முதல் 7 செ.மீ. என்றால் ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கேன் போதும் என்பது இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் வழிகாட்டுதல். தொந்தரவு தருகிற கட்டியாகவே இருந்தாலும், மாதவிடாய் நிற்காத பெண்களில் அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று அளவுதான் என்கிறது அதே ஆவணம்.

ஆயிரத்தில் ஒன்று. ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்கள் கேட்கிற வாக்கியம்: "விட்டா கேன்சராயிரும்."

என் சித்தி கேட்டதும் அதைத்தான். அப்போது அவங்களுக்கு வயது 34. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். மூன்று வருடமாக மாதவிடாய் நேரத்தில் அடிவயிற்று வலி, அதிக ரத்தப்போக்கு. மூன்று வருடமும் மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனாங்க. ஒருநாள் முடியாமல் போய் ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குப் போனாங்க. ஸ்கேனில் இடது பக்கம் 4 செ.மீ. நீர்க்கட்டி. "எந்தத் தெரு?" என்று கேட்டிருக்கிறார் அங்கே இருந்தவர். தெருவைச் சொன்னதும் சாதி தெரிந்துவிடும், மதுரையில் அதற்கு வேறு சான்றிதழ் வேண்டாம். "குப்பைக்குள்ள நிக்கிறீங்க, சுத்தபத்தமா இருக்க மாட்டீங்க, அதான் கட்டி வருது. ரெண்டு பிள்ளை இருக்குல்ல, இனி எதுக்கு அது? எடுத்துரலாம்." மூன்று வருடம் ஒரு ஸ்கேன்கூடக் கிடைக்காத உடம்புக்கு மூன்றே நாளில் ஆபரேஷன் நடந்தது. நகை அடகுக்குப் போனது, மீதிக்கு வட்டிப் பணம்.

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் வலி. இந்த முறை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேனில் நீர்க்கட்டி. சித்தி அழுதேவிட்டாங்க. "அதத்தான் எடுத்தாச்சே!" அங்கிருந்த டாக்டரம்மாதான் ஒரு சீட்டில் படம் போட்டுக் காட்டி, எடுத்தது நடுவில் உள்ளதை, கட்டி வருவது ஓரத்தில் உள்ளதில் என்று புரியவைத்தார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார். போனபோது கட்டி இல்லை. ஒரு மாத்திரைகூட எழுதித் தரவில்லை.

வீட்டுக்கு வந்து பழைய ஃபைலை எடுத்துப் பார்த்தேன். டிஸ்சார்ஜ் சீட்டு முழுக்க ஆங்கிலம். எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பிய பயாப்சி ரிப்போர்ட் அதில் இல்லை. கேன்சர் பயம் காட்டி எடுத்தவர்கள், கேன்சர் இருந்ததா என்று பார்த்ததற்கான தாள் ஒன்றுகூட ஃபைலில் கிடையாது.

'சுத்தபத்தம்' என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். முட்டைப் பை உடையாமல் பெருப்பதற்கும் குப்பை அள்ளுவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அக்ரகாரத்துப் பெண்ணின் சினைப்பையிலும் மாதாமாதம் அதே பைதான் வளர்கிறது, அதே மாதிரிதான் சில நேரம் உடையாமல் நிற்கிறது. ஆனால் அந்தப் பெண்ணிடம் யாரும் "நீங்க சுத்தமா இருக்கிறதில்ல" என்று சொல்ல மாட்டார்கள். வெள்ளைக் கோட்டுக்குள் இருந்து வந்தாலும் அது தீட்டுதான்.

என் சித்தி கதை தனிக் கதை இல்லை. 2015-16இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வுதான் முதன்முறையாகக் கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண்களைப் பற்றி நேரடியாகக் கேட்டது. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.2 சதவீதம் பேர் கர்ப்பப்பை இழந்தவர்கள். ஆந்திராவில் அது 8.9, தெலங்கானாவில் 7.7. ஆபரேஷன் நடந்தபோது இருந்த இடைநிலை வயது 34. மூன்றில் இரண்டு பங்கு தனியாரில் நடந்தவை. பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்ன காரணம் அதிக ரத்தப்போக்கு அல்லது வலி. அதாவது, மாத்திரையிலோ கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனத்திலோ முதலில் கட்டுப்படுத்திப் பார்க்க வேண்டிய தொந்தரவுகள்.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக்குப் போவோம். கரும்பு வெட்டப் போகிற கணவன் மனைவி ஜோடியைக் கங்காணி ஒரே ஆளாகக் கணக்கு வைத்து முன்பணம் தருவான். ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் 500 ரூபாய் வரை அபராதம். மாதவிடாய் என்றால் அபராதம். வயலில் கழிப்பறை கிடையாது, தண்ணீர் கிடையாது. தலித், பஞ்சாரா, வஞ்சாரி சமூகங்களைச் சேர்ந்த நிலமற்ற மக்கள்தான் அங்கே அதிகம். 2019இல் நீலம் கோர்ஹே தலைமையில் மாநில அரசு அமைத்த குழு, 82,000க்கும் மேற்பட்ட கரும்புத் தொழிலாளர் பெண்களிடம் கணக்கெடுத்தது. 13,000க்கும் மேற்பட்டவர்களுக்குக் கர்ப்பப்பை இல்லை. ஆபரேஷன் செலவுக்குக் கங்காணியே கடன் கொடுத்திருக்கிறான், அடுத்த வருட வெட்டில் கழித்துக்கொள்ள.

ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில் இதை வெளியே கொண்டுவந்தது ஒரு தகவல் உரிமை மனு. பாந்திகுயியில் மூன்று தனியார் மருத்துவமனைகள் கொடுத்த கணக்கில் 385 ஆபரேஷன்கள், அதில் 226 கர்ப்பப்பை அகற்றல். இதையும் பீகார், சத்தீஸ்கர் சம்பவங்களையும் வைத்து டாக்டர் நரேந்திர குப்தா 2013இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார். பத்து வருடம் கழித்து, 2023 ஏப்ரல் 5 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தேவையில்லாத கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்க ஒன்றிய அரசு 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும், தேசிய, மாநில, மாவட்ட அளவில் கண்காணிப்புக் குழுக்கள் வேண்டும். மதுரையில் அப்படி ஒரு குழு கூடியதாக உங்களில் யாராவது ஒரு செய்தித்தாளில் படித்திருந்தால் எனக்கு எழுதுங்கள்.

இப்போது நம் பக்கம் திரும்புகிறேன். 'இது பெண்கள் உடல்நலம் சம்பந்தப்பட்டது, சாதி ஒழிப்புத் தளத்தில் எதற்கு?' என்று கேட்கிற தோழர்களுக்கு.

சாதி எங்கே இருக்கிறது என்று அம்பேத்கர் 1916இலேயே சொல்லிவிட்டார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையின் மையமே அகமணம்தான். சதி, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் சாதியின் வேலியைக் காக்க உண்டான ஏற்பாடுகள் என்று காட்டினார். சாதி உயிரோடு இருக்க வேண்டுமானால் பெண்ணின் கர்ப்பப்பை சாதியின் காவலில் இருந்தாக வேண்டும். நூறு வருடம் கழித்து அதற்கு விளக்கப்படம் வேண்டுமென்றால் முகூர்த்த மாதத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் வாருங்கள். பூப்புனித நீராட்டு விழா ஃப்ளெக்ஸ். பதிமூன்று வயதுப் பிள்ளை பட்டுப்புடவையில் நடுவில், சுற்றிலும் சாதித் தலைவர்கள் படம், கீழே தாய்மாமன் சீர் கொண்டுவரும் நேரம். எங்கள் சாதியில் ஒரு கர்ப்பப்பை தயாராகிவிட்டது என்று ரோட்டில் போகிறவனுக்கெல்லாம் அறிவிப்பு. ஒடுக்கப்பட்ட சாதிகளும் இதில் சளைத்தவர்கள் இல்லை. எங்கள் தெருவிலும் வைக்கிறார்கள், தலைவர் படம்தான் வேறு. அந்தப் பிள்ளைக்கு அடுத்த மாதம் ரத்தப்போக்கு பத்து நாள் நிற்காவிட்டால் மட்டும் அது யாருக்கும் தெரியக்கூடாத ரகசியம். மெடிக்கலில் நாப்கினைக் கறுப்புப் பையில் சுற்றித் தருவான்.

காவலில் வைக்கிற கர்ப்பப்பை ஒன்று, வெட்டியெறியத் தயங்காத கர்ப்பப்பை இன்னொன்று. முதலாவதில் சாதியின் வாரிசு பிறக்க வேண்டும். இரண்டாவதுக்குச் சொந்தக்காரி வேலைக்கு வர வேண்டும், அவ்வளவுதான். "ரெண்டு பிள்ளை இருக்குல்ல, இனி எதுக்கு" என்ற கேள்வியின் பின்னால் இருப்பது இதுதான். பிள்ளை பெறுவதைத் தவிரப் பெண்ணின் உடம்புக்குள் எந்த உறுப்புக்கும் வேலை இல்லை என்ற நம்பிக்கை. கர்ப்பப்பையோடு சேர்த்துச் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அன்றைக்கே மாதவிடாய் நின்ற நிலைதான். எலும்பு தேய்கிறது, இதய நோய் ஆபத்து கூடுகிறது, முப்பத்தைந்து வயதில் உடம்பு எரிச்சலும் தூக்கமின்மையும் வருகிறது. 'ஆபரேஷனுக்கு அப்புறம் மூட்டு பிடிச்சுக்கிச்சு' என்று நம் தெருக்களில் சொல்கிற பெண்களிடம், எதை எதையெல்லாம் எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கே தெரியாது. யாரும் சொல்லவில்லை.

பெரியார் 'குடி அரசு' காலத்திலேயே கர்ப்பத்தடையை ஆதரித்தார். நாட்டின் நலத்துக்கும் மக்கள்தொகைக்கும் என்று மற்றவர்கள் பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காக என்று பிரித்துச் சொன்னார். 1938 நவம்பரில் பம்பாய் சட்டமன்றத்தில் கர்ப்பத்தடை வசதிகள் கோரி அம்பேத்கர் தரப்பில் தீர்மானம் வந்து தோற்கடிக்கப்பட்டது. இருவரும் கேட்டது பெண்ணின் முடிவு. அரசு கொடுத்தது கத்தி. 2019-21 குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களில் ஒரு சதவீதம்கூட இல்லை, இத்தனைக்கும் ஆணுக்குச் செய்வதுதான் எளிய ஆபரேஷன். வயிற்றில் கத்தி படுவது பெண்ணுக்கு இயல்பு என்று ஒரு சமூகமே பழகிப்போன பிறகு இரண்டாவது கத்தி யாருக்கும் உறுத்துவதில்லை. 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலைப் புத்தகக் காட்சியில் ஆயிரக்கணக்கில் விற்கிறோம், மகிழ்ச்சி. விற்கிற தோழர்களில் எத்தனை பேர் வாசெக்டமி செய்திருக்கிறீர்கள் என்று ஒரு கணக்கு எடுக்கலாம்.

வேலையிடத்தையும் விட முடியாது. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளைச் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலைசெய்யும் சுமார் 100 பெண்களிடம் பேசினார்கள். மாதவிடாய் வலி என்றால் ஆலைக்குள்ளேயே பெயர் ஒட்டாத மாத்திரை கொடுத்து மெஷினில் உட்கார வைப்பதாக அத்தனை பேரும் சொன்னார்கள். மாத்திரை என்ன, பக்கவிளைவு என்ன என்று யாரும் சொல்லவில்லை. வலி என்பது உடம்பு கொடுக்கிற தகவல். அந்தத் தகவலை வருடக்கணக்கில் அமுக்கி வைத்தால் கட்டியா, கருப்பை உட்சுவர் நோயா, ரத்தசோகையா என்பது கடைசிவரை தெரியாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐ.டி. கம்பெனியில் மாதவிடாய் விடுப்பு வேண்டுமா என்று ட்விட்டரில் சண்டை போடுகிறவர்கள், கழிப்பறைக்குப் போக சூப்பர்வைசரிடம் டோக்கன் வாங்குகிறவளையும் அந்தச் சண்டையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படித்த பெண்களுக்கு வேறு பொறி. 'பி.சி.ஓ.டி.' என்ற நான்கு எழுத்து. அது நீர்க்கட்டி நோயே இல்லை என்பதுதான் வேடிக்கை. ஸ்கேனில் மணிமணியாகத் தெரிவது வளர்ச்சி பாதியில் நின்ற முட்டைப் பைகள். அசல் பிரச்சினை ஹார்மோனிலும் இன்சுலின் வேலை செய்கிற விதத்திலும். 2003இல் ராட்டர்டாமில் வகுத்த அளவுகோல்படி, மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டாவது இருக்க வேண்டும். வெறும் ஸ்கேனை வைத்துச் சொல்லக்கூடாது. ஆனால் யூடியூபில் கருஞ்சீரகம் விற்கிறவரும், "கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிரும்" என்கிற அத்தையும் சேர்ந்து இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் மேல்படிப்பை முடித்துவைக்கிறார்கள். சொந்தச் சாதியில் மாப்பிள்ளையும் தயாராகவே இருப்பான்.

நான் ஆபரேஷனுக்கு எதிரி இல்லை. ஒரு பக்கம் திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே வாந்தி என்றால் கட்டியால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். மணிக்கணக்கில் தள்ளிப்போட்டால் சினைப்பை செத்துவிடும், உடனே ஓட வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு தெரிகிற கட்டியை இளவயதுக் கட்டி மாதிரி அலட்சியமாக விடக்கூடாது. வயிறு உப்பிக்கொண்டே போவது, கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிடுவது, எடை குறைவது எல்லாம் பரிசோதிக்க வேண்டியவை. முடி, பல் எல்லாம் உள்ளே வளர்கிற டெர்மாய்டு கட்டி தானாகக் கரையாது. அப்போதும் கட்டியை மட்டும் எடுத்துச் சினைப்பையைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட பெண்ணுக்குத் தேவையான ஆபரேஷன் கிடைப்பதில்லை, தேவையில்லாதது கிடைக்கிறது. இரண்டும் ஒரே அலட்சியத்தின் விளைவு.

ஆகவே வேலைக்கு வருகிறேன். தௌசாவில் கதவைத் திறந்தது தகவல் உரிமைச் சட்டம். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனைகள் 1997ஆம் ஆண்டு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவாக வேண்டும். மாவட்டத்தில் அதற்குப் பொறுப்பு மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் மனு தயார். நான் எழுதி வைத்திருக்கும் கேள்விகள் இவை. 2023 தீர்ப்புக்குப் பிறகு மதுரை மாவட்டக் கண்காணிப்புக் குழு எந்தத் தேதியில் அமைக்கப்பட்டது, உறுப்பினர்கள் யார், எத்தனை முறை கூடியது? அன்றிலிருந்து இன்றுவரை மாவட்டத்தில் நடந்த கர்ப்பப்பை அகற்றல்கள் எத்தனை, மருத்துவமனை வாரியாக? அவற்றில் 40 வயதுக்குக் கீழே எத்தனை பேர்? ஒவ்வொன்றுக்கும் பதிவான காரணம் என்ன, பயாப்சி ரிப்போர்ட் எத்தனைக்கு உண்டு? பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் எத்தனை பேர்?

கடைசிக் கேள்விக்கு 'விவரம் பராமரிக்கப்படவில்லை' என்றுதான் பதில் வரும் என்று நினைக்கிறேன். வந்தால் அந்தப் பதிலையே வைத்து மேல்முறையீடு செய்வோம். திண்டுக்கல், தேனி, விருதுநகர், சிவகங்கை தோழர்கள் மாவட்டப் பெயரை மட்டும் மாற்றி இதே மனுவை இந்த மாதமே போடுங்கள். மனு போடுகிறவர் ஆணாக இருந்தாலும் சட்டத்தில் தடை இல்லை.